ஏழாம் நாளை யார் எண்ணுவது?

காய்ச்சல்காரர் வைத்தியரைத் தேடி வருவது இரண்டாம் நாள், மிஞ்சினால் மூன்றாம் நாள். உடம்பு உளைச்சல், தொண்டை நோவு, தடிமன்; பெனடோல் போட்டும் விடவில்லை என்பார். கொவிட் தொற்றைப் பொறுத்தவரை அன்றைக்கு வைத்தியர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அவர் கட்டாயம் பார்க்க வேண்டிய நாள் பின்னால் வருகிறது. வூஹானில் முதன்முதலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 41 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2020 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. மூச்சுத் திணறல் கண்டவர்களுக்கு அது அறிகுறி தொடங்கி எட்டாம் நாளையொட்டி வந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் பத்தாம், பதினோராம் நாளையொட்டிப் போயிருந்தார்கள்.

இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. முதல் வாரம் வைரசு பெருகுகிற வாரம். மூக்கிலும் தொண்டையிலும் அது உச்சத்தில் இருப்பது அறிகுறி தெரிகிற நாளை ஒட்டித்தான். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றும். இரண்டாம் வாரத்தில் வைரசு தணியத் தொடங்கும்போது, சிலருடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தி மட்டும் தணிய மறுத்து நுரையீரலையே தாக்கும். ஒக்ஸ்போர்டின் ‘ரிகவரி’ ஆய்வு 2020 ஜூனில் சொன்ன முடிவு இதைத் தெளிவாக்கியது. டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீரொய்ட் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் நன்மை இல்லை. தீங்கு நேரலாம் என்ற குறிகூடத் தெரிந்தது. ஒரே குளிசை. ஏழெட்டு நாள் கழிந்து மூச்சு வாங்குகிறவருக்கு உயிர் காக்கும், இரண்டாம் நாள் தடிமனோடு வந்தவருக்குக் கெடுதல் செய்யலாம். வைத்தியருக்கு நாள் தெரியாவிட்டால் மருந்தும் தெரியாது.

டெங்கின் நாட்காட்டி இதற்கு நேர்மாறு. நாலாம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கும். வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நோயாளி அபாயத்தைத் தொடுவார். 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அதை நேரில் கண்ட நம் வைத்தியர்களுக்கு நாள் எண்ணும் பழக்கம் புதிதல்ல. கொவிட் வந்தபோது அவர்கள் வேறு ஒரு நாட்காட்டிக்கு மாற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நோயாளி தானாக வருகிற நாள் ஒன்று, அவரைப் பார்த்தே தீர வேண்டிய நாள் வேறொன்று. இடைப்பட்ட நாட்களை யாராவது எண்ண வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் குடும்ப வைத்தியரின் ஆயத்தம் என்று பேசும்போது முகக்கவசம், கையுறை, ஒட்சிசன் சிலிண்டர், வழிகாட்டிக் கையேடு என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். எல்லாம் வேண்டியவைதான். 2020 மார்ச்சில் இத்தாலியில், வரேசே மருத்துவர் சங்கத் தலைவராக இருந்த ரொபர்ட்டோ ஸ்டெல்லா என்ற குடும்ப வைத்தியர் தொற்றுக்குப் பலியானார். பாதுகாப்பு அங்கி போதாமல் நோயாளி பார்த்த இன்னும் பல குடும்ப வைத்தியர்களும் அங்கே மாண்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலைக் காசிருந்தால் ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம். நாள் எண்ணுகிற ஆளை அப்படி வாங்க முடியாது. ஹல்துமுல்லையில் நின்று பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

*

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ-4 வீதி பெலிஹுல்ஓயாவைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலைச் சந்தியில் பிரிகிறது: ஒரு பக்கம் அப்புத்தளைக்கு ஏற்றம், மறுபக்கம் கொஸ்லந்தை, வெல்லவாயவுக்கு இறக்கம். அரை மணி நேரப் பயணத்துக்குள் மூடுபனியும் வெயிலும் மாறிவிடும், நோயும் மாறும். மேலே இருமலும் இளைப்பும். கீழே நுளம்பும் வயல் சேற்றின் எலிக்காய்ச்சலும். ஹல்துமுல்லையிலும் கொஸ்லந்தையிலும் பிரதேச வைத்தியசாலைகள் உண்டு. அதற்கு மேலே தியத்தலாவை ஆதார வைத்தியசாலை. எல்லாவற்றுக்கும் மேலே பதுளைப் பெரியாஸ்பத்திரி.

இந்த வரிசையில் ‘குடும்ப வைத்தியர்’ எங்கே இருக்கிறார்? நோர்வேயில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். 2001 முதல் அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு குடிமகனின் பெயரும் ஏதாவது ஒரு வைத்தியரின் பட்டியலில் இருக்கிறது. இலங்கையில் யாரும் எந்த அரச வைத்தியசாலைக்கும் போகலாம், காசில்லை, கடிதம் வேண்டாம். ஏழைக்கு இது பெரும் வரம். உலகமே மெச்சும் சாதனையும்கூட. ஆனால் எங்கும் போகலாம் என்பதால் யாரும் யாருக்கும் சொந்தமில்லை. வெளிநோயாளர் பிரிவில் இன்று பார்த்த வைத்தியர் நாளை விடுமுறை, அடுத்த வருடம் இடமாற்றம். டவுனில் மாலை நேரத்தில் திறக்கும் தனியார் டிஸ்பென்சரிகள் இன்னொரு பக்கம். அங்கே வைத்தியருக்கு முகம் ஞாபகம் இருக்கும், ஏடு இருக்காது.

தேயிலைத் தோட்டத்தில் கதை வேறு. 1872 இல் முதல் ‘மெடிக்கல் வோன்ட்ஸ்’ சட்டம் வந்த காலத்திலிருந்தே தோட்டத் தொழிலாளியின் உடம்பு துரையின் பொறுப்பு என்று ஆயிற்று. 1912 இல் சட்டம் மறுபடி எழுதப்பட்டது, பொறுப்பு மாறவில்லை. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர், மருத்துவமாது என்ற அருமையான ஏற்பாடு கிராமம் கிராமமாகப் பரவியபோது தோட்டங்கள் அதற்கு வெளியே நின்றன. பின்னர் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இன்றும் பல தோட்டங்களில் முதல் வைத்தியம் டிஸ்பென்சரியில், தோட்ட வைத்திய உதவியாளரின் கையில். அவர் எம்.பி.பி.எஸ். படித்தவரல்லர். ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவர்தான் ‘டாக்டர் ஐயா’. யாருக்கு இழுப்பு, யாருக்குச் சீனி, எந்தப் பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நான் சொல்ல வருவது இந்த விசித்திரத்தைத்தான். நோயாளியைத் தெரிந்தவருக்கு வைத்தியப் பட்டம் இல்லை. பட்டம் உள்ளவருக்கு நோயாளியைத் தெரியாது. சாதாரண நாளில் இந்த இடைவெளியை பஸ்ஸும் ஓட்டோவும் நிரப்பிவிடுகின்றன. ஊரடங்கு போட்ட நாளில் அது வெறும் இடைவெளியாகவே நிற்கும்.

*

ஒரு வைத்தியரை நீண்ட காலம் வைத்திருப்பதால் உயிர் மிஞ்சுமா? உணர்ச்சிவசமான பேச்சு என்று ஒதுக்கத் தோன்றும். நோர்வேயில் 45 இலட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2022 இல் வெளிவந்த ஆய்வு கணக்குக் காட்டுகிறது. ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசர ஆஸ்பத்திரி அனுமதி 28 சதவீதமும் மரணம் 25 சதவீதமும் குறைவு. இது சேர்ந்து நிகழ்வதைக் காட்டும் ஆய்வு. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வருடம் கூடக் கூட நன்மையும் படிப்படியாகக் கூடிக்கொண்டே போனதால், வெறும் தற்செயல் என்று தள்ளுவதும் எளிதல்ல.

தெரிந்த முகம் நோயறிதலில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில், ஐஸ்கார்த் என்ற மலைக்கிராமத்தில் வில்லியம் பிக்கில்ஸ் என்ற குடும்ப வைத்தியர் இருந்தார். ஆய்வுகூடம் இல்லை. பள்ளத்தாக்கில் சுமார் 5,700 பேர். யார் யாருக்கு உறவு, யார் எந்தச் சந்தைக்குப் போவார், யார் யாரைக் காதலிக்கிறார் என்பது வரை அவருக்குத் தெரியும். 1929 இல் அங்கே மஞ்சள் காமாலை பரவி 250 பேர் வரை படுத்தார்கள். காலையில் படுக்கையில் தான் பார்த்த ஒரு வேலைக்காரப் பெண் அன்று மாலையே ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தாள் என்பதைப் பிடித்துக்கொண்டு, அங்கே அவளோடு பழகியவர்கள் எப்போது நோயுற்றார்கள் என்று பின்தொடர்ந்தார். தொற்றுக்கும் நோய்க்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதம் என்று கண்டார். பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு எட்டாத உண்மை அது. நகரத்தில் யார் யாரைச் சந்தித்தார் என்று யாருக்குத் தெரியும்? 1939 இல் அவர் எழுதிய ‘கிராம வைத்தியத்தில் தொற்றியல்’ நூலை இன்றும் படிக்கிறார்கள்.

தோட்டம் பிக்கில்ஸின் பள்ளத்தாக்கைவிட நெருக்கமான இடம். விடிந்ததும் பெரட்டுக்களம். யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஏழு மணிக்குள் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழுந்ததா, அரைப்பேரா என்று செக்ரோலில் ஏறும். கூலி கணக்கிடத்தான் அந்த ஏடு. தொற்றியலாளர் ஒருவர் பார்த்தால் வேறொன்று தெரியும்: மூன்றாம் நம்பர் லயத்திலிருந்து இரண்டு நாளில் ஐந்து பேர் பெரட்டுக்கு வரவில்லை என்றால், பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அங்கே ஏதோ பரவுகிறது. பிள்ளைக்காம்பிராவில் பிள்ளைகளைப் பார்க்கிற அம்மாவுக்கு அதைவிட ஒரு நாள் முன்னதாகவே தெரிந்திருக்கும். பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்களின் அறிக்கைகளைத் திரட்டிக் காய்ச்சலின் போக்கைக் கண்காணிக்கும் நிலையம் 1957 முதல் இயங்குகிறது. நம்மிடம் 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புச் சட்டமும், தொற்றுநோயைக் கண்ட வைத்தியர் நிரப்பி அனுப்பும் ‘எச் 544’ படிவமும் இருக்கின்றன. படிவத்தை வைத்தியர் நிரப்பலாம். பெரட்டில் தெரிந்த செய்திக்குப் படிவம் இல்லை.

*

தெரிந்து வைத்திருப்பதன் பயனை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஒரு துரித அன்டிஜன் பரிசோதனை, தொற்றுள்ள 100 பேரில் 80 பேரைப் பிடிக்கிறது. தொற்றில்லாத 100 பேரில் ஒருவரைத் தவறாகத் தொற்றாளர் என்கிறது என்று வைப்போம். தொற்று இன்னும் பரவலாகாத ஒரு தோட்டத்தில், ஆயிரம் பேரில் 10 பேருக்கு மட்டுமே தொற்று. எல்லோரையும் பரிசோதித்தால் உண்மையான 8 பேரும் பொய்யாக 10 பேரும் அகப்படுவார்கள். அதாவது ‘பொசிட்டிவ்’ என்று வந்தவர்களில் பாதிக்கு மேல் சுகதேகிகள். அவர்களையும் பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு அனுப்பினால் அங்கேதான் தொற்றுவார்கள்.

இப்போது, ஏற்கெனவே பலர் படுத்துவிட்ட லயங்களிலிருந்து காய்ச்சலோடு வந்த ஆயிரம் பேரை எடுங்கள். 300 பேருக்குத் தொற்று என்போம். 240 பேர் அகப்படுவார்கள். பொய்யாக 7 பேர் மட்டும். ஆனால் 60 பேர் ‘நெகட்டிவ்’ என்ற துண்டோடு வீட்டுக்குப் போவார்கள். அதே பரிசோதனை, அதே ஆயிரம் பேர். முதல் இடத்தில் ‘பொசிட்டிவ்’வைச் சந்தேகிக்க வேண்டும், இரண்டாம் இடத்தில் ‘நெகட்டிவ்’வை. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை அந்தக் கருவி சொல்லாது. மகன் கொழும்பிலிருந்து போன கிழமை வந்தானா, பக்கத்துக் காம்பிராவில் யார் இருமுகிறார்கள் என்று கேட்கத் தெரிந்தவர்தான் சொல்வார்.

கொழும்பிலிருந்து வருகிற மகன் என்று சும்மா சொல்லவில்லை. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பிறகு பேலியகொடை மீன் சந்தையிலும் கொத்தணிகள் வெடித்தன. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 14. தலைநகரின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகள் வருடத்தில் தவறாமல் வீடு திரும்புகிற நாள் அது. வரவேண்டாம் என்று அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கெஞ்சினார்கள். ஒரு தொற்று எந்த வழியாக மலையேறும் என்று எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 1918 இன்புளுவென்சாவும் இப்படித்தான் ஏறியிருக்க வேண்டும்: இலங்கையில் அது வடக்கிலும் தெற்கிலும் அந்த வருட ஒக்டோபரில் உச்சம் தொட்டது, நடுப்பகுதியில் மறுவருடம் மார்ச்சில்தான் தொட்டது என்று சித்தார்த் சந்திராவும் தில்ஷானி சரத்சந்திராவும் செய்த ஆய்வு காட்டுகிறது. தீவு முழுவதும் இழப்பு மூன்று இலட்சத்தை ஒட்டி என்பது அவர்கள் மதிப்பீடு. மலைக்கு நாலைந்து மாத அவகாசம் கிடைத்திருந்தது.

*

2021 ஏப்ரல் புத்தாண்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரிகள் நிரம்பின. அதுவரை தொற்றுக் கண்ட எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கோ நிலையத்துக்கோ கொண்டுபோன நாடு, அந்த ஜூனில் மேல் மாகாணத்தில் தொடங்கி, இலேசான நோயுள்ளவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் முறைக்கு மாறியது. 1390 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பதிந்தவர்களை வைத்தியர் ஒருவர் தொலைபேசியில் தொடர்ந்தார். ஒரே நாளில் நாடு ‘குடும்ப வைத்தியர்’ என்ற கருத்துக்குத் திரும்பி வந்ததாக எனக்குப் பட்டது. முகம் தெரியாத குடும்ப வைத்தியர், அவ்வளவுதான் குறை.

தொலைபேசியில் மூச்சை எப்படி அளப்பது? ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்கும் ஒரு முறை அப்போது பிரபலமாக இருந்தது. கொவிட் நோயாளிகளில் அது சோதிக்கப்படவில்லை, நம்பாதீர்கள் என்று ஒக்ஸ்போர்டின் டிரிஷ் கிரீன்ஹால்ஷும் கூட்டாளிகளும் 2020 மார்ச்சிலேயே எச்சரித்தார்கள். நேற்று முடிந்த வேலை இன்று முடிகிறதா என்று கேட்பதும், ஒரு வசனத்தை நிறுத்தாமல் பேசுகிறாரா என்று கவனிப்பதும் மேல் என்றார்கள். லயத்தில் இதைக் கேட்பது சுலபம்: பீலிக்கரைக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி ஏறினீர்களா, நடுவில் எத்தனை இடத்தில் நின்றீர்கள்? ஆனால் அந்த அம்மா வழமையில் எங்கே நிற்பார் என்று தெரிந்தவருக்குத்தான் இன்றைய பதில் பயன்படும். பல வருடம் விறகடுப்புப் புகை குடித்த நுரையீரலுக்கு வழமையே வேறு.

விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் இந்த இடத்தில் வருகிறது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிஹொன் கோடென் நிறுவனத்தில் தகுவோ அவோயாகி கண்ட தத்துவம் அது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலைத் துளைத்துப் போகின்றன. ஒட்சிசன் ஏறிய இரத்தம் சிவப்பை அதிகம் விட்டுவிடும், ஏறாத இரத்தம் அதை அதிகம் உறிஞ்சும். நாடித் துடிப்போடு கூடிக் குறையும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், சதையையும் எலும்பையும் ஒதுக்கிவிட்டு நாடி இரத்தத்தை மட்டும் அளக்கலாம். கொவிட்டில் இது உயிர்காப்பானாக இருந்ததற்குக் காரணம், சிலருக்கு ஒட்சிசன் ஆபத்தான அளவுக்கு இறங்கியும் மூச்சு முட்டாமல் இருந்ததுதான். அவோயாகி 2020 ஏப்ரலில், தன் கருவி உலகமெங்கும் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்த நாட்களில், காலமானார்.

அப்புத்தளைப் பக்கத்தில் இந்தக் கருவியைப் படிக்க மூன்று விஷயம் நினைவில் இருக்க வேண்டும். மேலே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. சுகதேகிக்கும் ஒன்றிரண்டு புள்ளி இறங்கி நிற்கலாம். இரண்டாவது, காலைப் பனியில் கொழுந்து பறித்துவிட்டு வந்த விரல் விறைத்திருக்கும். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கினால் துடிப்புப் பலவீனமாகி எண் தாறுமாறாகும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் கனமானது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் மிச்சிகன் வைத்தியர்கள் எழுதினார்கள்: கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளில், உண்மையில் நாடி இரத்தத்தில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோலின் நிறமி ஒளியைக் குழப்புகிறது. கருத்த தோலில் கருவி நல்ல செய்தியாகச் சொல்லி ஏமாற்றக்கூடும். ஆக மலையின் உயரம் எண்ணை ஒரு பக்கம் இழுக்கிறது, தோலின் நிறம் மறுபக்கம். ஒரே ஒரு எண்ணைக் கண்டு முடிவெடுப்பதைவிட, அதே விரலில் நேற்று என்ன, முந்தாநாள் என்ன என்று பார்ப்பதே பத்திரம். மறுபடியும் நாள் எண்ணும் ஆளிடமே வந்து நிற்கிறோம்.

*

தனியறையில் இருங்கள் என்று தொலைபேசியில் சொல்வது வைத்தியருக்கு ஒரு நிமிட வேலை. லயக்காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. பின்னால் ஒரு சிறு குசினி. பல பழைய லயங்களில் மேலே தட்டுக் கிடையாது. ஒரு காம்பிராவின் இருமல் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும், கேட்பதோடு நில்லாது. குளிருக்குப் பயந்து யன்னலைச் சாத்திவைப்பார்கள். காற்று ஒருமுறை முழுதாக மாறினால் அறையில் மிதக்கும் நுண்துளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியேறும் என்பது எளிய கணிதம். இதே கணிதம் டிஸ்பென்சரிக்கும் பொருந்தும். வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்கு வினாடிக்கு 60 லீட்டர் காற்றாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி. வெள்ளைக்காரன் கட்டிய பழைய டிஸ்பென்சரிகளில் பலவற்றுக்கு அகலமான வராந்தா உண்டு. இருமல்காரரை அங்கேயே நிறுத்திப் பார்ப்பது செலவில்லாத நல்ல ஏற்பாடு.

வேலைக்குப் போகாதே என்பதற்கும் விலை உண்டு. 2020 ஊரடங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் நிற்கவில்லை. கொழுந்துக்கு ஊரடங்கு தெரியாது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. பதினான்கு நாள் தனிமை என்றால் போகிற பேரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். தனிமைப்படுத்திய குடும்பங்களுக்கு 10,000 ரூபா பெறுமதியான உலருணவுப் பொதி கொடுத்தார்கள். காய்ச்சலை மறைத்துப் பெரட்டுக்குப் போனவரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நியாயம். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றில் குடும்ப வைத்தியராக வாழ்ந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971 இல் ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று ஒன்றை எழுதினார். வைத்தியம் எங்கே அதிகம் வேண்டுமோ அங்கே அது குறைவாகக் கிடைக்கும் என்பது அதன் சாரம். 2016 ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் கிட்டத்தட்ட 32 சதவீதம். ஹார்ட் சுரங்கத்தில் கண்டது தேயிலை மலைக்கும் பொருந்துகிறது.

கொள்ளைநோய்க் காலத்தில் மற்ற நோய்கள் விடுமுறை எடுப்பதில்லை. சீனிக்கும் பிரஷருக்கும் மாதாந்தக் கிளினிக் போகிறவர்களுக்கு 2020 ஏப்ரலில் தபால் திணைக்களத்தின் வழியாக வீட்டுக்கே மருந்து அனுப்பும் ஏற்பாட்டை சுகாதார அமைச்சு செய்தது. நல்ல யோசனை, பல இலட்சம் பேருக்கு உதவியிருக்கும். லயத்துக்கு மட்டும் ஒரு சிக்கல். அங்கே பெரும்பாலும் வீட்டுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரைப் போட்டால் கடிதம் ஒபிசுக்கு வரும், அங்கிருந்து கை மாறிக் கை மாறிப் போகும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்து கிடைத்தது என்ற பேச்சு மலையகத்தில் பழையது. சீனி மருந்துப் பொதிக்கும் அதே பாதைதான்.

ஹல்துமுல்லைப் பிரிவில் ஆயத்தம் என்ற பேச்சு எடுத்தால் மீரியபெத்தையைத் தாண்டிப் போக முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு மேலே மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. விஞ்ஞானம் இருந்தது, அறிக்கை இருந்தது, மக்களும் அதே இடத்தில் இருந்தார்கள். அடுத்த கொள்ளைநோய்க்கான கையேடும் இந்நேரம் ஏதாவது ஒரு அலுமாரியில் இருக்கும்.

2018 இல் உலக வங்கிக் கடனுதவியோடு ஆரம்ப சுகாதாரச் சேவையைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு சிறு வைத்தியசாலைக்கும் சுற்றுவட்டார மக்களைப் பெயர் பெயராகப் பதிந்து, ஆளுக்கொரு சுகாதாரப் பதிவேடு திறப்பது அதன் மையம். நோர்வே வழி இதுதான். நாள் எண்ணுவதற்கு முதலில் பெயர் வேண்டும். ஆனால் தோட்ட டிஸ்பென்சரி கம்பனியின் கட்டடம், அதிலுள்ள உதவியாளர் கம்பனியின் ஊழியர், அவர் தலைக்குள் இருக்கும் நாற்பது வருடத் தகவல் எந்தப் பதிவேட்டுக்கும் உரியதல்ல. அவர் ஓய்வு பெறுவதற்குள் அதை ஹல்துமுல்லை வைத்தியசாலையின் ஏட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை காய்ச்சல் வீட்டுக்குப் போய்வரும் வேலையை அவருக்கோ மருத்துவமாதுவுக்கோ எழுத்தில் ஒப்படைத்து, அதற்குப் பேர் போட வேண்டும். அந்தப் பேரின் கூலி கம்பனியின் கணக்கிலா, சுகாதார அமைச்சின் கணக்கிலா என்பது அடுத்த காய்ச்சல் மலையேறுவதற்கு முன்பே தீர்த்து வைக்கக்கூடிய வழக்கு.